ஒட்டிய காகிதமும் ஒட்டாத கலைச்சொல்லும்: ஆயர் ஈத்தாம் முருகன் படம் ஒன்றை முன்வைத்து

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம் பீங்கான் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊர். (பினாங்கில் கெக் லோக் சி ஆலயம் அமைந்துள்ள ஆயர் ஈத்தாம் வேறு, இரு பெயர்களுக்கும் கருநீர் என்பதே பொருள்.) இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வூர்ப் பீங்கானை அன்று, அவ்வூருக்கு அருகே, செம்பனைத் தோட்ட வீடொன்றின் சாமி மேடையில் கண்ட ஒரு காகிதப் படத்தை. அவ்வீட்டார் நகரத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயரும் வேளையில், படத்தை எவ்வாறு 'சுத்தம் செய்வது' என்று கேட்டு நம்மை அழைத்திருந்தனர்.

படத்தை முதலில் விவரிப்போம். அடியில் அட்டை. அட்டையின் மேல் தமிழ் நேசன் நாளிதழின் தாள்கள் கஞ்சிப்பசையால் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றின் மேல், வள்ளி தெய்வயானையுடன் கூடிய முருகனின் சிவகாசி அச்சுப்படம். ஓவியர் பெயர் இருக்கவேண்டிய மூலையைச் சரிகைத்துண்டு மறைக்கிறது. எனினும் கன்னக் கதுப்பிலும் ஆபரணத்திலும் கோவில்பட்டி கொண்டையராஜுவின் (1898-1976) மாணவர் மரபு புலப்படுகிறது. சுற்றிலும் கூறைச்சேலையிலிருந்து கத்தரித்த சரிகைக் கரை, கிரீடத்தில் சமிக்கிகள். வலப்பக்கம் பத்துமலை முருகன் சிலை, நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. 42.7 மீட்டர் உயரமுள்ள அச்சிலை 2006 சனவரியில் திறக்கப்பட்டதால், இவ்வடுக்கு அதற்குப் பிற்பட்டது என்பது உறுதி. இறுதியாக, முருகனின் திருவடி அருகே, கடவுச்சீட்டு அளவிலான ஓர் ஆடவரின் ஒளிப்படம். அவர் அவ்வீட்டு மூதாட்டியின் மறைந்த கணவர்; பால்மரம் சீவியவர்.

மகள் அகற்ற விரும்பியது இந்த ஒளிப்படத்தைத்தான். இறந்தவர் படம் சாமி படத்தோடு இருத்தலாகாது என்பது அவர் கேட்டறிந்த விதி. மூதாட்டி நம்மிடம் கூறியது ஒரே வாக்கியம்: "அவரு சாமிகிட்டத்தானே இருக்காரு, தம்பி."

கொலாஜ் எனப்படும் கலைவடிவத்தின் வரலாற்றை 1912இல் பிக்காசோவும் பிராக்கும் காகிதமும் துணியும் ஒட்டிய படங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட மேலைநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் அவ்வாறே கற்பித்தனர். நாமும் திரும்பி வந்து சில ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தோம். செட்டிநாட்டு வீடுகளில் இரவிவர்மா அச்சுப்படங்களின் தெய்வங்களுக்குத் துணியும் சரிகையும் மணியும் வைத்துத் தைத்து உடுத்திய வழக்கம் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. இராசஸ்தானத்து நாத்துவாராவில் ஸ்ரீநாதர் வழிபாட்டுக் காட்சியை வரைந்து, யாத்திரிகரின் முகத்தை மட்டும் ஒளிப்படத்திலிருந்து வெட்டி ஓவிய உடலின் மேல் ஒட்டும் மரபும் அவ்வாறே. அங்குச் செல்வர் பொருள் கொடுத்துப் பெற்ற இடத்தை, இங்குத் தோட்டத்து மூதாட்டி ஒருவர் தம் கணவருக்குத் தாமே அமைத்துக் கொடுத்துள்ளார்.

ஆயினும் "நாமே முதலில் செய்தோம்" என்று கூறி மகிழ்வது திறனாய்வாகாது. பிக்காசோவின் ஒட்டுத்தாள், படம் என்பது மாயத்தோற்றம் எனப் பார்வையாளரிடம் வாதிடுகிறது. செட்டிநாட்டுச் சரிகையோ தெய்வத்திற்கு ஆடை சாத்துகிறது. செய்முறை ஒன்றாயினும் செயல் வேறு. 'ஒட்டோவியம்' என்ற கலைச்சொல் நமக்கு நிறைவளிக்காததும் இதனாலேயே. அது விளைபொருளை ஓவியம் என முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. மூதாட்டி ஓவியம் எதையும் செய்யவில்லை. வேறு சொல் அமையும்வரை கொலாஜ் என்றே எழுதுவதில் நமக்குக் கூச்சமில்லை.

இந்நாட்டின் கலைக்கூடங்களில் இடம்பெற்ற படைப்புகளை இதனருகே வைத்து நோக்குவோம். நிர்மலா டத் சண்முகலிங்கம் (1941-2016), 1973ஆம் ஆண்டின் 'கூற்று 1' படைப்பில் சூழல் கேட்டின் ஒளிப்படங்களையும் எழுத்தையும் குப்பையையும் ஒருங்கே வைத்தார். 1986ஆம் ஆண்டுப் படைப்பொன்றில் ரீகனையும் தாட்சரையும் வாயாங் கூலிட் பாவைகளாக்கினார். அவர் கையாண்ட ஒளிப்படங்கள் சான்றுகள். தாம் நிகழ்ந்த இடத்தை அவை விட்டுவிடுவதில்லை. ரெட்சா பியாடாசா (1939-2007) 1980களில் தொடங்கிய 'மலேசியத் தொடர்' வேறு வகையினது. மலாய், சீன, பாபா நோன்யா, இந்தியக் குடும்பங்கள் ஒளிப்படக் கூடங்களில் எடுத்துக்கொண்ட பழைய படங்களைப் பெருக்கி, வண்ணமேற்றி, ஒட்டி அமைத்தவை அவை. பல்லின நாட்டின் முகங்களைக் கண்ணியத்துடன் முன்னிறுத்தியமைக்காக அத்தொடர் போற்றப்படுகிறது. அப்பாராட்டு தகும். எனினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். வண்ணப் பரப்பில் நிறுத்தப்பட்ட அக்குடும்பத்தினர் யாருடைய தந்தை, யாருடைய தாய் என்பதை இழந்து, ஓர் இனத்தின் மாதிரியாகி விடுகின்றனர். அழகு கூடக்கூட உறவு குறைகிறது.

ஆயர் ஈத்தாம் படத்தில் கத்தரிக்கோல் எதிர்த்திசையில் இயங்கியுள்ளது. தோட்டத்துக் கணக்கில் பெயராகவும் எண்ணாகவும் இருந்த ஒருவரை வெட்டியெடுத்து உறவுக்குள் வைத்திருக்கிறது. அவர் திருவடி அருகே உள்ளார். ஆனால் தெய்வத்தின் அளவை எட்டவில்லை. மூதாட்டியின் அளவுணர்வு நம்மை வியக்க வைத்தது. சிலையின் படத்தைச் சரிகையின் மேல் ஏற்றி ஒட்டியதில் அவ்வுணர்வு தவறிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை; அங்குக் கண் இடறுகிறது. ஈரத்தட்டில் கிழிந்த இடத்தை மறைக்கவே அதனை அங்கு ஒட்டியதாகப் பின்னர் அறிந்தோம். அடுக்குகள் யாவற்றிற்கும் பொருள் தேடுவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

இனி, 'சுத்தம் செய்யும்' கேள்விக்கு வருவோம். காகிதம் ஈரத்தில் தன் இழையோட்டத்திற்குக் குறுக்காகவே மிகுதியாக விரியும். காயும்போது ஒவ்வோர் அடுக்கும் மற்றதை இழுக்கும். கஞ்சிப்பசை நீரில் நெகிழக்கூடியது. எனவே பயிற்சி பெற்ற பேணுநர் ஒருவர் நாளிதழ்த் தாளையும் அச்சுப்படத்தையும் பிரித்துவிட இயலும். புத்தகம் கட்டுவோர் பூச்சிக்கு எதிராகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பர். இங்கு அது சேர்க்கப்படாததால் இராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தது. ஒளிப்படத்தின் நிலை வேறு. அது ஒட்டப்பட்டது கஞ்சியால் அன்று, பால்மரத்துப் பாலால். மரப்பால் நாளடைவில் காற்றுப்பட்டுப் பழுப்பேறி இறுகும், நீருக்கு இளகாது. அதனை எடுக்க முயன்றால் கணவரின் முகமோ முருகனின் திருவடியோ, இரண்டில் ஒன்று கிழியும்.

இதனை மகளிடம் விளக்கினோம். அகற்றவேண்டாம் என்று ஆணையிட நமக்கு உரிமையில்லை; வழிபடுவோர் அவர்கள். அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிடலாமா என அவர் வினவியபோது நாம் தயங்கினோம். அங்கே அது மாதிரியாகிவிடும் என்று சற்றுமுன் எழுதியவர் நாமே. இறுதியில், படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒளிப்படமாகப் பதிவுசெய்துகொண்டு, அட்டையின் பின்னே எதிர்த்தாள் ஒட்டி வளைவை நிமிர்த்துவதோடு நிறுத்திக்கொண்டோம்.

மகள் ஒரு வழி கண்டார். புதிய வீட்டில் சாமி மேடைக்கும் மறைந்தோர் படங்கள் மாட்டும் சுவருக்கும் இடைப்பட்ட மூலையில் படத்தை மாட்டியுள்ளார். மூதாட்டி அதன் கீழ்விளிம்பில் அவ்வாண்டு நாட்காட்டியிலிருந்து ஒரு மயிலை வெட்டி ஒட்டியிருந்தார். பசை இன்னும் காயவில்லை.