கூனன் மௌத்தானது எப்படி?

அல்ஃபு லைலா என்று நம்மவர்கள் சொல்லும் 'ஆயிரத்தொரு இரவுகளில்' ஒரு கூனன் கதை உண்டு. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் கட்டமைப்பையே பேசினார்கள். ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்றாகப் பத்துக்கு மேற்பட்ட கதைகள் அதற்குள் இருப்பது உண்மைதான். ஆனால், அதன் நடுவில் கிடப்பது ஒரு மையித்து. காரணம் தெரியாத ஒரு மௌத்தை ஓர் ஊர் எப்படி விசாரிக்கிறது என்பதுதான் கதையின் உயிர் என்பது என் வாசிப்பு.

கதை இதுதான். சீன தேசத்து நகரமொன்றில் ஒரு தையல்காரனும் மனைவியும் கூனன் ஒருவனை விருந்துக்குக் கூட்டி வருகிறார்கள். மனைவி விளையாட்டாக அவன் வாயில் பெரிய மீன் துண்டொன்றைத் திணிக்க, முள் சிக்கி அவன் சாய்ந்துவிடுகிறான். பயந்துபோன இருவரும் அவனை நோயாளிப் பிள்ளைபோலச் சுற்றிக்கொண்டு போய், யூத வைத்தியர் ஒருவரின் மாடிப்படியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். இருட்டில் இறங்கிவந்த வைத்தியர் தடுக்க, உடல் உருண்டு விழுகிறது. 'நான்தான் கொன்றுவிட்டேன்' என்று நடுங்கிய வைத்தியர் அதைப் பக்கத்து வீட்டுக்குள் இறக்கிவிடுகிறார். அரசனின் சமையற்கூட மேற்பார்வையாளரான அந்த வீட்டுக்காரர், திருடனென்று நினைத்து அடிக்கிறார். பிறகு அவர் அதைக் கடைத்தெருவில் சாய்த்து வைக்க, போதையில் வந்த கிறிஸ்தவத் தரகன் தன் தலைப்பாகையைப் பறிக்க வந்தவனென்று குத்துகிறான். அவன் காவலனிடம் அகப்பட்டுக்கொள்கிறான்.

இதில் வைத்தியரின் நடத்தையைக் கவனியுங்கள. உடலைத் தொட்டு உயிர் இல்லையென்று முடிவு செய்தவர், 'எதனால்?' என்று ஒரு கணமும் கேட்கவில்லை. மாடிப்படியில் உருண்டது அவருக்குப் போதுமான காரணமாகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் கடைசியாக நடந்ததையே காரணமாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறை நால்வரும் ஒருவர் பின் ஒருவராகச் செய்கிறார்கள்.

காவலனின் விசாரணை இன்னும் மோசம். ஒரு கிறிஸ்தவன் ஒரு முஸ்லிமை அடிப்பதை அவன் கண்டான். அதற்குமேல் தடயம் தேவைப்படவில்லை. உடலைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆளுடைய மார்க்கத்தைப் பார்க்கிறார்கள். சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்தப் பார்வை எப்படிப்பட்டதென்று சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அந்தப் பார்வை முஸ்லிமின் கண்ணிலிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் வாசிக்க வேண்டும்.

தூக்குக் கயிறு தயாரானதும் மேற்பார்வையாளர் ஓடிவந்து 'நான்தான்' என்கிறார். அடுத்து வைத்தியர், அடுத்து தையல்காரன். தன்னால் இன்னொருவன் சாகக்கூடாது என்ற அவர்களின் ஈமானிய மனசு மெச்சத்தக்கது. ஆனால், அதிகாரி என்ன செய்கிறார்? ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் கயிற்றை ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான். மூன்று வாக்குமூலமும் உண்மையான மனசோடு சொல்லப்பட்டவை. அவற்றில் எதுவுமே கொலையை நிரூபிக்கவில்லை.

அரசனிடம் போனபோது நீதி இன்னும் தூரம் போகிறது. இதைவிட விந்தையான கதை சொன்னால்தான் உயிர்ப்பிச்சை என்கிறான் அரசன். யார் நன்றாகச் சொல்கிறார் என்பதே கேள்வியாகிவிட, மையித்து ஒரு மூலையில் கிடக்கிறது. கடைசியில் வருபவன் வாயாடியான கிழட்டு நாவிதன், நம்மூர்ப் பாஷையில் ஒஸ்தா. அவன்தான் கூனனின் தலையை மடியில் எடுத்து வைத்து முகத்தைப் பார்க்கிறான். கழுத்தில் தைலம் பூசி, இடுக்கியால் முள்ளை இழுத்தெடுக்க, கூனன் தும்மிக்கொண்டு எழும்புகிறான்.

மருத்துவப்படி இது நடக்காத காரியம். மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டால் சில நிமிடங்களில் மூளை சேதமாகிவிடும். கதைசொல்லி தன் மனிதர்களைக் காப்பாற்ற எடுத்த சுகமான வழி அது. இப்னு துபைல் (மறைவு 1185) அந்தச் சுகத்தைத் தரவில்லை. மருத்துவரான அவர் எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' நூலில், தன்னை வளர்த்த மான் அசையாமல் கிடந்தபோது ஹய் கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான். வெளியில் பழுதில்லை என்று கண்டதும், பழுது உள்ளே இருக்க வேண்டுமென்று முடிவெடுத்து நெஞ்சைத் திறக்கிறான். மான் திரும்பி வரவில்லை. ஆனாலும், அந்தத் தேடல் பாசத்தினால் எழுந்தது. உடலைத் திறப்பது அதை அவமதிப்பதாகவே இருக்க வேண்டியதில்லை என்று அந்தப் பக்கங்கள் உணர்த்துகின்றன.

நமது ஊர்களில் ஒரு திடீர் மௌத்து நடந்தால் என்ன பேசுகிறோம்? "மையத்தக் கீறாமத் தாங்க சேர், லுஹருக்கு அடக்கணும்" என்று திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் கெஞ்சுகிறோம். ஜனாஸாவை விரைவுபடுத்துவது சுன்னத்து. மையித்துக்குக் கண்ணியம் உண்டு. மறுப்பில்லை. ஆனால், குற்ற விசாரணைக்குத் தேவையென்றால் பிரேதப் பரிசோதனை ஆகும் என்று சமகால உலமாக்கள் பலர் பத்வா கொடுத்திருக்கிறார்கள். மையித்துக்குரிய கண்ணியத்தில் அதன் ஹக்கும் சேர்ந்ததுதான்.

2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் கிடந்த ரக்பி வீரர் வசீம் தாஜுதீனின் மரணம் முதலில் விபத்தாகவே சொல்லப்பட்டது. 2015 ஆகஸ்டில் தெஹிவளை மையவாடியிலிருந்து அவரது ஜனாஸா தோண்டி எடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. கபுறில் இருந்ததால்தான் அந்த உடலிடம் இரண்டாம் முறை கேட்க முடிந்தது. 2020இல் கொவிட் காரணம் சொல்லி நம் ஜனாஸாக்களை எரித்தபோது, அந்தக் கேள்விக்கான வாசலும் சேர்ந்தே எரிந்தது.

மத்திய கிழக்கில் மௌத்தாகும் தொழிலாளர்களின் சான்றிதழ்களில் 'இயற்கை மரணம்', 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதப்படுவதை மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டி வருகின்றன. இதயம் எல்லா மௌத்திலும்தான் நிற்கிறது, அது காரணமல்ல. பரிசோதித்தும் காரணம் புலப்படாவிட்டால் சட்ட வைத்திய அதிகாரி அதைத் திறந்த தீர்ப்பாக விடலாம். உறுப்புகளை இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். இல்லாத காரணமொன்றை எழுதி மூடுவதைவிட அது நேர்மையானது.

கூனன் கதையில் எல்லோருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது, கூனனைத் தவிர. அடுத்த திடீர் மௌத்தில், "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டுக் கபுறு வெட்ட ஆள் அனுப்பும் முன், அந்த ஒஸ்தாவைப்போல ஒருவராவது மையித்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் அவன் நாட்டம்தான். தொண்டையில் முள் இருக்கிறதா என்று பார்ப்பது நம்மேல் விழுந்த கடமை.