உலோகங்காட்டிக்குக் கேளாத பொம்மைகள்

மெட்டல் டிடெக்டர் எனப் பரவலாக அறியப்படும் உலோகங்காட்டியால் வீட்டு முற்றத்தைத் துழாவி, மண்ணில் புதைந்த விளையாட்டுப் பொருள்களை எடுத்துக் காலம் கணிக்கும் பழக்கத்தை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட முடியாது. லண்டனில் தேம்ஸ் கரைச் சேற்றிலிருந்து ஆர்வலர்கள் மீட்ட வெள்ளீயக் கலவைப் பொம்மைகள், இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற கருத்தே இல்லை என்று 1960இல் வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே முன்வைத்த வாதத்தைப் பெரிதும் தளரச் செய்தன.

ஆனால் அங்கே துணைநின்றது காற்றுப் புகாத சேறு. பாக் நீரிணைக் கரையிலுள்ள ஜெகதாப்பட்டினம் போன்ற மீனவர் ஊரிலோ உப்பு மண் தகரப் பொம்மைகளை எளிதில் துருவாக்கிவிடுகிறது. மாறும் காந்தப்புலத்தைச் செலுத்தி உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுவதே கருவி இயங்கும் முறையாதலால், மின்சாரத்தைக் கடத்தும் ஈர உப்புமணலும் பொய்யொலி எழுப்பும்; வலையில் கட்டும் ஈயக்குண்டுக்கும் ஈயப் பொம்மைக்கும் அது பெரிதாக வேறுபாடு காட்டுவதில்லை.

காலக்கணிப்பில் உள்ள சிக்கல் இதைவிட ஆழமானது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்குள் செய்யப்பட்டதைக் குறிக்கும். மேட்ச்பாக்ஸ் என்ற பொம்மைக் கார்ப் பெயர் 1953க்கு முற்பட்டதன்று. எனினும் இவை பொருள் பிறந்த காலத்தைச் சொல்லுமேயன்றித் தொலைந்த காலத்தைச் சொல்லமாட்டா. அண்ணன் வைத்து விளையாடிய காரைத் தம்பியும் பிறகு அவன் மகனும் வைத்து விளையாடியிருக்கலாம். கலையாத ஒரே மண்ணடுக்கில் நயா பைசா உடன் கிடைத்தால், அவ்வடுக்கு 1957க்கு முற்பட்டதன்று எனத் துணியலாம். ஆனால் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டி, வெளிமணல் கொட்டி மேடாக்கிய முற்றத்தில் அத்தகைய அடுக்கு அரிது. ஆழத்தைக் குறித்துக்கொள்ளாமல் தோண்டுபவர் எஞ்சிய சான்றையும் அழித்துவிடுகிறார். மண்ணில் மறைந்துகிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை அறிந்து தோண்டுவோர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இவை அனைத்தினும் பெரிய குறை, கருவியின் ஒருதலைப் பார்வையே. கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் அடுக்கடுக்காகத் தோண்டியதால் கிடைத்தவை. உலோகங்காட்டிக்கு அவை வெற்று மண். கோலிக்குண்டு, நுங்கு வண்டி, பனையோலைக் கிலுகிலுப்பை ஆகியவையும் அதற்குப் புலப்படா. எனவே இக்கருவி காட்டும் குழந்தைப் பருவம் கடையில் உலோகப் பொம்மை வாங்க வசதியிருந்த வீட்டின் பக்கமே சாய்கிறது. மரம் மக்கிய பம்பரத்தில் எஞ்சுவது இரும்பாணி ஒன்றுதான். குப்பை இரும்பைத் தவிர்ப்பதற்கென்று கருவியில் அமைந்த வடிகட்டும் வசதியைத் தேடுவோர் இயக்கிவிட்டால், அந்த ஆணியும் ஒலிக்காது.