சொற்காண் ஆடலும் மதிப்பீட்டு முறையும்

புலமையை எண்ணால் அளத்தல் கூடுமா என்னும் வினா பழமையானது. நாள்தோறும் ஒரு சொல்லைக் கண்டறியும் ‘வேர்டில்’ என்னும் ஆங்கில விளையாட்டு அவ்வினாவை மீண்டும் எழுப்பியுள்ளது. ஜோஷ் வார்டில் என்பார் ஆக்கிய இவ்விளையாட்டு 2021 அக்டோபரில் பொதுமக்களுக்கு வெளியாயிற்று. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் இதனை விலைக்கு வாங்கிற்று.

ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் காணல் வேண்டும். எழுத்தும் இடமும் பொருந்தின் பச்சை. எழுத்து இருந்து இடம் மாறின் மஞ்சள். எழுத்தே இன்றேல் சாம்பல். அன்றைய சொல் அனைவர்க்கும் ஒன்றே. ஆதலின் நண்பரும் குடும்பத்தாரும் தத்தம் முயற்சித் தொகையை ஒப்பிட்டு, தொகை குறைந்தாரை வென்றார் என்பர்.

இத்தொகை எதனை அளக்கின்றது? சொல்வளத்தை அளக்கின்றது என்பர் சிலர். அது பொருந்தாது. ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களுள் பலரும் அறிந்த ஏறத்தாழ 2,500 சொற்களே தொடக்கத்தில் விடைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. எனவே அருஞ்சொல் அறிந்தார்க்கு மிகுந்த ஏற்றம் இல்லை. உய்த்துணரும் திறனை அளக்கின்றது என்பர் வேறு சிலர். இக்கூற்று ஈண்டு ஆராயத் தக்கது.

ஒருவர் தம் இரண்டாம் முயற்சியாக ‘லைட்’ என்னும் சொல்லை இடுகின்றார் எனக் கொள்வோம். முதலெழுத்து ஒழிந்த நான்கும் பச்சையாயின. எய்ட், ஃபைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என ஏழு சொற்கள் எஞ்சுகின்றன, முயற்சிகளோ நான்கே. ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பவர் மூன்றாம் முயற்சியிலேயே வெல்லவும் கூடும். ஏழனுள் மூன்று பங்கு அடியோடு தோற்கவும் கூடும். மற்றொருவர், விடையாகாது என்று அறிந்தே ‘டெர்ம்ஸ்’ என்னும் சொல்லை இடுகின்றார். அதன்கண் உள்ள டி, ஈ, ஆர், எம், எஸ் என்னும் ஐந்து எழுத்துகளும் ஐந்து சொற்களின் முதலெழுத்துகள். அவ்வைந்தனுள் ஒன்று விடையாயின் நான்காம் முயற்சியில் தெளிவாகும். அன்றேல் இரண்டே சொற்கள் எஞ்சும். இவர் ஐந்தாம் முயற்சிக்குள் விடை காண்பது உறுதி. ஆயினும் முன்னவர் மூன்றில் வென்ற நாளில், நான்கில் முடித்த இவரே தோற்றவராகக் கருதப்படுவர். நல்லூழை உயர்த்தி அறிவைத் தாழ்த்தும் இம்முறையை நேரிய மதிப்பீடு என யாம் கொள்ளோம்.

அங்ஙனமாயின் ஒப்பீடே கூடாதோ எனின், கூடும் என்க. விளையாடுவோர் ஒருவர்க்கொருவர் அனுப்பும் வண்ணக் கட்டம் சொல்லை மறைத்து, சிந்தனை சென்ற நெறியைக் காட்டுகின்றது. நான்கு பச்சை கொண்ட வரிகள் அடுத்தடுத்து வருமாயின், ஆடியவர் ஊழை நம்பினார் என ஊகிக்கலாம். அத்தகைய வரியை அடுத்துப் பச்சை குன்றிய வரியொன்று வந்து, உடனே விடை முற்றுமாயின், ஒரு முயற்சியை விட்டுக்கொடுத்துத் தெளிவு பெற்றார் எனக் கருதலாம். எண் கூறாததைக் கட்டம் கூறுகின்றது. முன்கண்ட குறிப்புகளைப் பின்வரும் முயற்சிகளில் கையாண்டே தீரல் வேண்டும் என்னும் ‘கடினமுறை’யில் இவ்வழி அடைபடுகின்றது, ஆதலின் அம்முறையில் ஆடுவாரையும் ஏனையோரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் தவறு. ஒருநாள் தொகையை விடுத்து ஒரு திங்களின் சராசரியை நோக்கின் ஊழின் பங்கு குறையும்; திறனின் பங்கு விளங்கும்.

எழுத்தைக் கொண்டு ஆடும் ஆடல் தமிழர்க்குப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் எழுத்து வருத்தனமும் அக்கரச்சுதகமும் எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு சொல் காட்டும் சித்திரகவிகளாம். அவற்றைக் கற்பார், விடையினும் விடைக்குச் சென்ற நெறியையே சுவைப்பர். திறனாய்வும் அத்தகையதே. முடிவை மட்டும் எண்ணி மதிப்பிடுதல் கணக்கனின் பணி. முடிவிற்குச் சென்ற நெறியைக் காண்டலே திறனாய்வாளன் கடன் என்பது எம் துணிபு.