எப்பாவலப் பைத்தியம்

இலங்கையில் பார்க்கவேண்டிய இடங்களுக்குப் பட்டியல் கேட்டால், சீகிரியாவுக்கும் நிலாவெளிக்கும் முன்னால் நான் எப்பாவலையைச் சொல்வேன். கேட்டவர் முழிப்பார். அநுராதபுர மாவட்டத்தில் ஒரு சின்னப் பட்டினம், சில குன்றுகள், ஒரு பொஸ்பேட் சுரங்கம். அங்கே அப்படி என்ன இருக்கிறது? பூமிக்கு அடியிலிருந்து உருகி வந்த சுண்ணாம்பு இருக்கிறது ஐயா, உருகி வந்த சுண்ணாம்பு!

சுண்ணாம்புக்கல் என்றால் கடல் தந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளை வெட்டிய கல் அப்படிப்பட்டதுதான். கடலடியில் படிந்து இறுகியது. உருகி வந்த பாறை என்றால் கருங்கல் வகையறா. அவற்றின் உடம்பெல்லாம் சிலிக்கா. இந்தப் பாடம் இரண்டையும் கலைத்துப்போடுகிறது காபனடைட் என்ற பாறை. அதில் பாதிக்கு மேல் காபனேற்றுக் கனிமம். பிறந்ததோ புவியோட்டுக்கும் கீழே. அங்கேயுள்ள பாறை, காபனீரொட்சைட்டின் தயவில், துளியளவு மட்டும் உருகும்போது இந்தக் குழம்பு உண்டாகலாம். இல்லாவிட்டால், தண்ணீரிலிருந்து எண்ணெய் ஒதுங்குவதுபோல, சிலிக்காக் குழம்பிலிருந்து காபனேற்றுக் குழம்பு தனியே பிரிந்து மேலே வரலாம். உலகம் முழுக்கத் தேடி இதுவரை கண்டுபிடித்தது சுமார் 600 இடங்கள்தான். அதில் ஒன்று எங்கள் ஊரான திரியாயிலிருந்து விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத் திரும்பிவரக்கூடிய தூரத்தில் கிடக்கிறது. இதைச் சொல்லாமல் நான் எப்படி இருப்பது?

திருகோணமலைக்கு வந்து, ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம், அங்கிருந்து தெற்கே எப்பாவல. மச்சானையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் வயல்காரர். "கல்லுப் பாக்கவோ இவ்வளவு தூரம்? திரியாய் மலையில இல்லாத கல்லோ?" என்று வழி முழுக்க ஒரே நச்சரிப்பு. என் பையில் ஒரு வினாகிரிப் போத்தலும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமும் இருந்ததைக் கண்டபிறகு மனுசன் வாயே திறக்கவில்லை.

அனுமதி கேட்டு உள்ளே போனோம். மேலே முழுக்கச் செம்பழுப்பு மண்ணும் கட்டியும். கிட்டப்போய்க் குனிந்தால்தான் வித்தை தெரியும். அந்தக் கட்டிக்குள்ளே இளம்பச்சையில், ஆறு பக்கமும் பட்டை தீட்டியதுபோல, விரல் மொத்தத்தில் அபடைட் என்ற பொஸ்பேட் கனிமத்தின் பளிங்குகள்! யாரும் தீட்டவில்லை, வளர்ந்ததே அப்படி. காபனேற்றை மழைநீர் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போக, எளிதில் கரையாத அபடைட் மேலே குவிந்து நின்றுவிட்டது. அதற்கு அடியில்தான் மூலப்பாறை, வெள்ளை வெளேரென்று. உடைந்து கிடந்த துண்டொன்றில் வினாகிரியை ஊற்றினேன். குமிழ்கள் சின்னச் சின்னதாக எழும்பின. நூலில் தொங்கவிட்ட காந்தத்தை அதே துண்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனேன்; கறுப்புப் புள்ளி ஒன்றில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. மக்னற்றைற்று! புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் சின்ன வயதில் காந்தம் இழுத்துத் திரிந்தவனுக்கு அந்தச் சத்தம் போதும். ஒரே கல்லில் சுண்ணாம்பும் இரும்பும் உரமும். நான் துள்ளினேன் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். துள்ளினதுதான்!

இந்தக் குழம்பு உயிரோடு ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தன்சானியாவுக்குப் போகவேண்டும். அங்கே ஒல்டொயின்யோ லெங்காய் என்ற மலை. காபனேற்றுக் குழம்பைக் கக்கும் எரிமலைகளில் இன்றைக்கு உயிரோடிருப்பது அது ஒன்றுதான். 1962இல் டோசன் என்ற புவியியலாளர் அந்தக் குழம்பின் இயல்பை உலகுக்கு அறிவித்தார். சாதாரண எரிமலைக் குழம்பு 1,100 பாகை செல்சியசைக்கூடத் தாண்டலாம். இது 500 முதல் 600 பாகைக்குள்ளேயே ஓடும். பகலில் சிவப்பே தெரியாது, கன்னங்கரேலென்று தண்ணீராய்ப் பாயும். ஈரக்காற்றுப் பட்டால் சில நாட்களுக்குள் வெளுத்துப்போகும். சலவைச் சோடாவின் உறவுக்காரக் குழம்பு அது. எப்பாவலையில் உள்ளது கல்சியமும் மக்னீசியமும் கலந்த சாதி. சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்னர், நிலத்துக்குள்ளேயே ஆறி உறைந்தது. தமிழ்நாட்டில் திருப்பத்தூருக்குப் பக்கத்துச் செவ்வாத்தூரில் இருப்பது இதைவிட மூத்தது.

"எப்பாவலக் கல் சும்மா கடல் சுண்ணாம்பு உருமாறிய மாபிள்" என்று வாதாடிய அறிஞர்களும் உண்டு. நியாயமான சந்தேகம்தான், இலங்கையின் நடுப்பகுதியில் மாபிளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்ட்ரோன்சியமும் அருமண் தனிமங்களும் இதில் கடல் சுண்ணாம்பில் இல்லாத அளவுக்குச் செறிந்திருக்கின்றன. காபன், ஒட்சிசன் சமதானிகளும் ஆழத்தில் பிறந்த கதையையே சொல்கின்றன. நான் குழம்பின் கட்சி!

புவிச்சரிதவியல் திணைக்களம் இந்தப் படிவைக் கண்டுபிடித்தது 1971இல். இன்றைக்கு இந்தக் கல்லை அரைத்துத் தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் போடுகிறார்கள். "அப்ப வயலுக்கு?" என்று மச்சான் அப்போதுதான் வாய் திறந்தார். அங்கேதான் சிக்கல். அபடைட் மெல்ல மெல்லத்தான் கரையும். தேயிலைத் தோட்டத்து அமில மண்ணில், ஆண்டுக்கணக்கில் நிற்கிற பயிருக்கு அது போதும். மூன்று நான்கு மாதத்தில் அறுக்கிற நெல்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதற்குக் கப்பலில் வருகிற முச்சுப்பர் பொஸ்பேட்தான். 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதால் வயல்காரர் பட்ட பாட்டை மச்சானுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதுவரை என் கிறுக்காக இருந்த கல், அந்த நிமிடத்திலிருந்து அவருடைய கல்லாகவும் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது கேள்விக்குமேல் கேள்வி கேட்டது அவர்தான்.

இந்தக் குன்றுகள் மிஞ்சியிருப்பதற்கே ஊர்ச்சனங்களுக்குக் கும்பிடு போடவேண்டும். வெளிநாட்டுக் கம்பனியோடு பெரிய அளவில் தோண்ட ஒப்பந்தம் தயாரானபோது, எப்பாவல ஆட்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டு ஜூனில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. முழுமையான ஆய்வும் சூழல் அனுமதியும் இல்லாமல் அந்தத் திட்டம் நகரக்கூடாது என்றது நீதிமன்றம். வருங்காலச் சந்ததிக்கும் இந்த வளத்தில் பங்குண்டு என்று எழுதிய அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அநுராதபுரத்துக்குப் போகிறவர்களே, அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். கலாவெவவிலிருந்து அநுராதபுரம்வரை சுமார் 87 கிலோமீற்றர் ஓடும் ஜய கங்கை என்ற பழைய கால்வாயையும் அந்தப் பக்கத்திலேயே பார்க்கலாம். சுரங்கத்தில் அனுமதி கேளுங்கள், கல்லைப் பொறுக்கி வராதீர்கள், வினாகிரியும் காந்தமும் கட்டாயம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பாடப்புத்தகத்தில் 'தீப்பாறை' என்ற பக்கத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, வெள்ளைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு "இதுவும் தீப்பாறையா?" என்று கேட்குமே, அந்த ஒரு கேள்விக்குப் பத்து ரியூசன் வகுப்பும் ஈடாகாது!