ஆய்வரங்கும் வழக்கிடமும்

மொழியாராய்ச்சியாளர் ஒருவர் கண்ட முடிபு அவருடைய குறிப்பேட்டில் உறங்கும்வரை அவருடைய எண்ணம் மட்டுமே. மாநாட்டில் படிக்கப்பட்டு, பிறரால் வினவப்பட்டு, ஆய்விதழில் அச்சேறி, மறுக்கவும் திருத்தவும் இடந்தந்த பின்னரே அது அறிவுலகின் பொதுவுடைமையாகின்றது. ஆதலின் மாநாட்டையும் ஆய்விதழையும் ஆராய்ச்சியின் புறக்கோலங்களாகக் கருதுதல் பொருந்தாது. அவை ஆராய்ச்சியின் உறுப்புக்களேயாம். ஆயின், ஈழத்துத் தமிழ்ப் பேச்சுவழக்குப் பற்றிய ஆய்வுகள் யாருக்கு எட்டின, யாருக்கு எட்டாதுபோயின என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

எட்டிய எல்லை பெரிதென்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தனிநாயக அடிகளார் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழ், தமிழாய்வைத் தமிழறியாத அறிஞரும் அறியச் செய்தது. 1964இல் புதுதில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. கோலாலம்பூர் (1966), சென்னை (1968), பாரிஸ் (1970), யாழ்ப்பாணம் (1974) என அதன் மாநாடுகள் தொடர்ந்தன. 1972இல் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய திராவிட மொழியியலுக்கான அனைத்துலக ஆய்விதழ் இத்துறைக்குத் தனிக்களம் அமைத்துத் தந்தது.

ஆய்விதழ் செய்யும் பணி யாதென்பதற்கு ஈழத்து வழக்காய்வே தக்க சான்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1958இல் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் ஒலியமைப்பை 'இந்தியன் லிங்குவிஸ்டிக்ஸ்' வெளியிட்ட தேணர் மலரில் விளக்கினார். 1962இல் ஒல்லாந்து அறிஞர் கைப்பர் பழந்தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் இயைத்து ஒரு குறிப்பு வரைந்தார். 1966இல் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் ஈழத்துத் தமிழின் கூறுகள் சிலவற்றை ஆராய்ந்தார். பின்னர் பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத்துச் சமூக வேறுபாடுகள் பேச்சில் புலப்படுமாற்றை எடுத்துக்காட்டினார். நாடும் கடலும் இடைநிற்பவும், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர இயன்றது இதழ்களாலேயாம்.

இவ்வரிசையிலேயே ஒரு குறையும் புலனாகின்றது. ஈழத்துத் தமிழ் என்னும் பெயர் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழையே சுட்டி நிற்கின்றது. மட்டக்களப்புப் பேச்சின் தொன்மைக் கூறுகளைச் சுவெலபில் வியந்து சுட்டியமையால் அதற்கு ஓரளவு இடங்கிடைத்தது. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் உழவர் பேச்சுக்கு இவ்வரிசையில் தனியிடம் கிடைக்கவில்லை.

மாந்தை மேற்கிலுள்ள அடம்பன் அத்தகைய பேச்சு வழங்கும் ஊர். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்நிலம். பழந்துறையாகிய மாதோட்டத்தின் அயல். அவ்வூரின் பெயரே ஆய்வுக்குரியது. சங்கப் புலவர் நெய்தல் நிலத்திற் கண்ட கொடி அடும்பு; இன்றைய வழக்கில் அது அடம்பு, அடம்பன் என நிற்கும். கடற்கரை மணலிற் படரும் கொடியின் பெயரும் வயல் சூழ்ந்த ஊரின் பெயரும் ஒத்து நிற்றல் தற்செயலா, அன்றி அந்நிலத்தின் பழைய இயல்பைக் காட்டுவதா? உகரம் அகரமான மாற்றம் யாண்டெல்லாம் வழங்குகின்றது? இவ்வினாக்களுக்கு விடைகூற நூலகம் மட்டும் போதாது. அவ்வூர் முதியோரின் நாவும் நினைவும் வேண்டும்.

குறை இரக்கத்திற்குரியதன்று, முறையியலைச் சார்ந்தது என்பது இதனாற் பெறப்படும். 'உவன்', 'உது' எனும் இடைநிலைச் சுட்டுக்கள் யாழ்ப்பாணப் பேச்சில் உயிரோடு வழங்குகின்றன என்பது நிறுவப்பட்ட செய்தி. அவ்வழக்கு தெற்கே எவ்வூர்வரை செல்கின்றது, எவ்விடத்திற் பொருள் திரிகின்றது என ஒருவர் எழுதின், அதனைச் சரிபார்க்கும் முதற்றகுதி அடம்பன் உழவனுக்கே உண்டு. அவனுக்கு எட்டாத மொழியிலும் அவன் காணாத இதழிலும் அச்சாகும் கூற்று, பிழையாயினும் திருத்துவாரின்றி மேற்கோளாக வளர்ந்துவிடும். அறிஞர் மறுப்பு ஒருவகைச் சோதனை. வழக்குடையார் மறுப்பு மற்றொருவகைச் சோதனை. முன்னையது பின்னையதற்கு ஈடாகாது.

உலக அறிஞரோடு உரையாட ஆங்கிலம் இன்றியமையாததன்றோ என வினவலாம். அஃது உண்மையே. ஆயின் ஒருவழி திறந்திருத்தல் மறுவழியை அடைத்தற்குக் காரணமாகாது. கணபதிப்பிள்ளை அவர்களே இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் ஒலியமைப்பை விளக்கிய அவர், அதற்கு முன்னரே 'நானாடகம்' (1940) முதலியவற்றில் யாழ்ப்பாணப் பேச்சை உள்ளவாறே மேடையேற்றினார். கேட்டோர் தம் பேச்சைத் தாமே இனங்கண்டு, பொருந்தியது இது, பொருந்தாதது இது எனத் தீர்ப்பளித்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'என்றீக்கு எம்பரதோர்' முதலிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தமையும், பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) வாயிலாக மொழியியல் நோக்கை மாணவர்க்குத் தமிழிலேயே தந்தமையும் இவ்வகையின.

மாநாடுகளும் தம்மை வினவிக்கொள்ளல் வேண்டும். விழாவின் பொலிவு ஆய்வின் ஒலியை மூழ்கடித்தல் உண்டு. யாழ்ப்பாண மாநாடு, அதன் இறுதிநாளாகிய 1974 சனவரி 10இல் பொதுக்கூட்டத்தில் நேர்ந்த உயிரிழப்புக்களாலேயே இன்றும் நினைக்கப்படுகின்றது. அந்நினைவு தகும். எனினும் அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகள் எவை எனக் கூறவல்லார் சிலரே. பாரிஸ் மாநாட்டுக் கட்டுரைகள் புதுச்சேரியில் நூலுருப்பெற்றது 1973இல். நூலான பின்னரும் அது மன்னார் மாவட்டத்துப் பள்ளி நூலகம் ஒன்றில் இராதாயின், உலகம் சுற்றிவந்த ஆய்வு ஊருக்குத் திரும்பவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

காலமும் காத்திராது. 1990இல் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரின் பேச்சுச் சூழலில் ஒரு பகுதி பெயர்ந்தது. 2008 மே மாதத்தில் அடம்பன் போரின் கைமாற்றத்துக்குள்ளாயிற்று. அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்து பல்லூராரோடு கலந்து வாழ்ந்து, பின்னரே மீண்டனர். முகாமிற் பிறந்த குழந்தையின் பேச்சும் சூடு மிதித்த களத்தை நினைவில் வைத்திருக்கும் பாட்டனின் பேச்சும் ஒன்றாயிருக்குமென எதிர்பார்த்தல் இயலாது. பாட்டனின் சொற்கள் பதியப்படாவிடின், வேறுபாடு நிகழ்ந்தது என்பதற்கே சான்று எஞ்சாது.

செய்யவேண்டுவன அரியனவல்ல. ஆங்கிலக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் முழுமையான தமிழ்ச் சுருக்கம் வெளியிடல். ஒலிப்பதிவின் படியொன்றை அது பெறப்பட்ட ஊரின் நூலகத்தில் வைத்தல். மாநாட்டின் ஓர் அமர்வையேனும் வழக்கிடத்தில் கூட்டி, பேசுவோரை விடை கூறுவோராக மட்டுமன்றி வினவுவோராகவும் அமர்த்துதல் என்பன அவை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது ஈழத்தார் பழமொழி. தனித்தனிக் கொடிகளாய்ப் படர்ந்து கிடக்கும் ஆய்வுகள் இதழ்களிலும் மாநாடுகளிலும் திரண்டு மிடுக்குற்றன. வேர் ஊன்றிய மணலை மறவாதிருப்பின் அம்மிடுக்கு நிலைக்கும்.