காரமும் திராட்சை மதுவும்

பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போன ஆரணியில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மானிய ஒயினைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எந்த ஒயினோடு எந்தச் சாப்பாடு சேரும் என்று சொல்லும் மேல்நாட்டுப் புத்தகங்களில், இந்தியச் சாப்பாடு என்ற தலைப்புக்கு நேரே பெரும்பாலும் ஒரே சிபாரிசுதான்: லேசாகத் தித்திக்கும் ரீஸ்லிங். அமிர்தசரசுக்கும் அதுதான், ஆரணிக்கும் அதுதான். இந்தச் சிபாரிசைச் சற்று விசாரிக்க வேண்டும்.

முதலில் அதிலுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரீஸ்லிங் குளிர்தேசத்துத் திராட்சை. ஜெர்மனியில் 1435-ஆம் வருஷத்துக் கணக்கு ஒன்றிலேயே அதன் பெயர் வருகிறது. மோஸல் நதிக்கரையின் செங்குத்தான சரிவுகளில் அது நிதானமாகப் பழுக்கிறது. அதனால் இனிப்பு ஏறினாலும் புளிப்பு விட்டுப்போவதில்லை. சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறுவதற்குள் நொதிப்பதை நிறுத்திவிட்டால், மிச்சம் ஒயினிலேயே தங்கிவிடும். இப்படித் தித்திக்கும் மோஸல் ஒயின்களில் சாராயச் சத்து 8, 9 சதவிகிதம்தான் இருக்கும். மிளகாயின் எரிச்சலைச் சாராயம் கிளப்பும், சர்க்கரை தணிக்கும். ஆகவே முரட்டுச் சிவப்பு ஒயினைவிட இது நம் நாக்குக்கு இதம். இதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில்தான். இந்தப் புத்தகங்கள் நம் சாப்பாட்டைத் தீப்பற்றிய கூரையாகவும், ஒயினைத் தீயணைக்கும் வண்டியாகவும் பாவிக்கின்றன. நம் இலை வெறும் காரம்தானா? அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் வைத்தது யார்? புளிக்குழம்பை இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுவது எதற்காக? கடைசியில் மோர் வருவது எதற்காக? ஒயினிடம் எதிர்பார்க்கும் வேலையை இலையே செய்து முடித்துவிடுகிறது.

இன்னொன்று. புளியின் புளிப்பும் திராட்சையின் புளிப்பும் பிரதானமாக ஒரே அமிலம்தான். டார்டாரிக் அமிலம் என்பார்கள். ரசத்தோடு ரீஸ்லிங் குடிப்பது புளிப்பின்மேல் புளிப்பை ஊற்றுவதாகும். போதாக்குறைக்கு ரசமே ஒரு பானம். பாயசத்தோடு வைத்தாலோ, இனிப்பில் தோற்று ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

ஆரணித் தறியில் புடவைக்குக் கரை போடுவது உடலின் நிறத்தை அமுக்குவதற்காக அல்ல. அரக்குக் கரை வந்த பிறகு பச்சை உடல் இன்னும் பச்சையாகத் தெரிய வேண்டும். சாப்பாட்டுக்கும் இதே அளவுகோல் போதும். அப்படிப் பார்த்தால் ரீஸ்லிங்குக்குரிய இடம் குழம்பும் ரசமும் அல்ல. இனிப்பும் புளிப்பும் சேராத பண்டங்கள்தான். மிளகு தூக்கலாக வறுத்த கோழி, மீன் வறுவல், மசால்வடை. இவற்றில் இல்லாததை அது கொண்டுவருகிறது.

இதையெல்லாம் நம்மவர்கள் ஏன் எழுதவில்லை? ஒயின் நமக்குப் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு அறியும். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில், 1945-இல் வீலர் நடத்திய அகழ்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அன்று மது விருந்தில் இருந்தது. இன்று அது வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது. கடைவாசலில் நின்று, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, அவசரமாக விழுங்குகிறவன் எதை எதோடு சேர்ப்பது என்று யோசிப்பானா? அவன் குடித்த கூலிக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில், ஒயினின் அருமையைப் பேச எனக்கும் வாய் வராது.

ஆகையால் நம் வீடுகளுக்கு ரீஸ்லிங் வரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. என் குறை வேறு. எதற்கு எது சேரும் என்பதை நம் சமையற்கட்டுகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றன. அதை ரசனையோடு எழுதிவைத்தவர்கள்தாம் குறைவு. நாம் எழுதாதவரை, நம் இலைக்கு அந்தப் புத்தகங்களில் ஒரு வரிதான் கிடைக்கும்.