மூளைப் படத்தில் பருத்தது எது?

பந்துகளை வீசிப் பிடிக்கப் பழகினால் மூளை பருக்கும் என்ற செய்தி 2004-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிற்று. ஜெர்மனியில் டிராகன்ஸ்கி குழுவினர் செய்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வே அதற்கு மூலம். மூன்று பந்துகளைக் கொண்டு மூன்று மாதம் பழகியோரின் மூளையில், அசைவை உணரும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் மிகுந்து காணப்பட்டது. பயிற்சியைக் கைவிட்ட மூன்று மாதத்தில் அம்மிகுதி குறைந்தது. அதற்கு முன்னரே, 2000-இல், எலினார் மக்வயர் லண்டன் டாக்சி ஓட்டுநர் 16 பேரை ஆய்ந்து, ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் அவர்களுக்குப் பெரிதாயிருந்ததைக் காட்டினார். முன்புறம் சிறுத்திருந்ததையும் அதே கட்டுரையில் எழுதினார். அப்பாதியை எடுத்துரைப்பார் அரியர்!

இவ்வாய்வுகள் மதிக்கத்தக்கவை. ஆனால் அவற்றைச் சான்றாக்கி, 'பயிற்சியால் புதிய மூளையணுக்கள் முளைக்கின்றன' என்று மேடைகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் முழங்குவது பொருந்துமா?

காந்தப் படக்கருவி உயிரணுவைக் காண்பதில்லை. திசுவிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிப்பையே அது பெறுகின்றது. படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர். மூளைப் புறணியில் அச்சிறு இடத்திற்குள் பல்லாயிரம் நரம்பணுக்களும், அவற்றின் கிளைகளும், துணையணுக்களும், இரத்த நுண்குழாய்களும், இடைநீரும் செறிந்துள்ளன. இவற்றுள் எது மாறினும் புள்ளியின் ஒளிர்வு மாறக்கூடும். நரம்பிழையைப் போர்த்தும் மயலின் உறை சற்றுத் தடித்தாலே, கணிப்பொறி வகுக்கும் சாம்பல்நிற எல்லை இடம்பெயர்ந்துவிடும். 'கனவளவு கூடிற்று' என்று நாம் படிப்பது இவ்வாறு கணித்தறிந்த ஒன்றே.

நீர் ஒன்றே எத்துணை மயக்கம் விளைக்கும் என்பதற்கு 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு போதும். 16 மணி நேரம் நீர் அருந்தாதிருந்தோரின் மூளைக் கனவளவு சராசரி 0.55 விழுக்காடு குறைந்தது. நீர் அருந்தியபின் மீண்டும் கூடியது. அதற்குள் அணுக்கள் மடிந்து மறுபடி பிறந்தன என எவரும் கூறார்.

பந்து பழகியோரிடம் பருத்தது புறணிப் பகுதி. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய கார்பன்-14-ஐக் கொண்டு காலம் கணித்த 2006-ஆம் ஆண்டு ஆய்வோ, வளர்ந்தோர் புறணியில் நரம்பணுக்கள் புதிதாய்ச் சேர்வதற்குச் சான்றில்லை என்று காட்டியது. ஹிப்போகாம்பஸைப் பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்குண்டு. அவ்வழக்கைப் புறணிக்கும் நீட்டுவது முறையன்று.

அப்படியாயின் பருத்தது எது? கனடாவில் லெர்ச் குழுவினர் 2011-இல் செய்த எலி ஆய்வு இவ்விடத்தில் நல்ல துணை. நீர்த்தொட்டியில் வழியறியச் சில நாள் பழகிய எலிகளின் ஹிப்போகாம்பஸ் படத்தில் பெருத்தது. பின்னர் அத்திசுவையே சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆய்ந்தனர். பருமனோடு நரம்பணுக்களின் எண்ணிக்கை ஒத்துச் செல்லவில்லை. நரம்பிழைகள் நீளும்போது மிகும் ஜிஏபி-43 என்ற புரதமே ஒத்துச் சென்றது. பழைய அணுக்களின் கிளைகள் திருந்தியமைந்தன என்று கொள்ளவே இது இடந்தருகின்றது. எனினும் ஒத்துச் செல்வது காரணமாகிவிடாது. எலியில் கண்டது லண்டன் ஓட்டுநருக்கும் ஆகும் என்பதற்கு உறுதியுமில்லை. உயிரோடிருக்கும் ஓட்டுநரின் மூளையை அரிந்து சாயமேற்ற ஒண்ணாது.